முப்பத்து நான்காம் நாள் முதல் ஐம்பதாம் நாள் வரை

தாயின் வயிற்றில் வளரும் சிசுவை இயற்கை ஒரு கோட்டைக்குள் வைத்துக் காக்கிறது என்றும், தாயின் உடலுக்கு எத்தகைய துன்பம் நேர்ந்தாலும் நஞ்சுக்கொடி என்னும் அரணைத் தாண்டி அது குழந்தையை அணுகாது என்றும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் வைத்தியர்களுள் பெரும்பாலோர் மனப்பூர்வமாக நம்பியிருந்தனர். அங்கக் குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் பரம்பரையைக் காரணம் சொல்வார்கள். பரம்பரையில் ஒன்றும் தட்டுப்படாவிட்டால் விதி என்பார்கள். நம் ஊர்களிலோ, கிரகணத்தன்று வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லிப் பெற்றவளின் தலையிலேயே பழியைச் சுமத்திவிடுவார்கள். கர்ப்பிணியின் உடலில் புகுந்தது எதுவோ அது சிசுவினிடமும் புகக்கூடும் என்ற எளிய உண்மையை உலகம் ஏற்பதற்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் விலை கொடுக்க நேர்ந்தது.

இந்த நம்பிக்கையில் முதல் விரிசலைக் கண்டவர் சிட்னி நகரில் கண் வைத்தியம் செய்துவந்த நார்மன் கிரெக். பிறவியிலேயே இரு கண்களிலும் புரை படர்ந்த குழந்தைகள் 1941-ஆம் ஆண்டில் வழக்கத்துக்கு மாறாக மிகுதியாய் அவரிடம் வரலாயின. காத்திருந்த தாய்மார் தம்முள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கிய அவர், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தங்களுக்கு ருபெல்லா என்னும் அம்மை கண்டதாக அவர்கள் சொல்வதைக் கவனித்தார்; முந்திய ஆண்டு அந்நாட்டில் அந்த அம்மை பரவலாக வந்திருந்தது. பிற வைத்தியர்களையும் கேட்டுச் சேர்த்த 78 குழந்தைகளில் 68 பேருடைய தாய்மாருக்கு அந்நோய் கண்டிருந்தது தெரிந்தது. பெரியவர்களுக்கு நாலு நாள் காய்ச்சலும் மேனியில் கொஞ்சம் சிவப்பும் கொடுத்து மறைந்துபோகும் ஓர் அற்பமான அம்மை, உள்ளே இருக்கும் சிசுவின் கண்ணையும் இருதயத்தையும் சிதைக்கக்கூடும் என்பதைப் பலர் ஏற்கத் தயங்கினார்கள். ஏற்றவர்களும் அதைக் கிருமிகளைப் பற்றிய பாடமாக மட்டுமே கொண்டார்களேயன்றி, மருந்துகளுக்கும் அதே நியாயம் பொருந்துமோ என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த எண்ணம் வராததன் பலன் பதினாறே ஆண்டுகளில் தெரிந்தது. மேற்கு ஜெர்மனியில் க்ரூனென்தால் என்னும் கம்பெனி, 1957 அக்டோபர் 1-ஆம் தேதி, தாலிடோமைடு என்ற மருந்தைக் கான்டெர்கான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுகமாக உறக்கம் தரும் மருந்து அது. அதற்கு முன் இருந்த உறக்க மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து, இதையோ சுண்டெலிகளுக்கு எவ்வளவு கொடுத்தும் அவை சாகவில்லை என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. மருத்துவர் சீட்டில்லாமலே கடைகளில் கிடைத்தது. கர்ப்பிணிகளுக்குக் காலையில் வரும் மசக்கைக் குமட்டலையும் அது தணித்தமையால், அவர்களுக்கே ஏற்ற மருந்து என்ற கீர்த்தியும் சேர்ந்துகொண்டது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் டிஸ்டாவல் என்ற பெயரில் விற்ற அம்மருந்து, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தீங்கற்றது என்றே விளம்பரம் செய்யப்பட்டது. இத்தனைக்கும், விற்பனை தொடங்குவதற்கு முன்பே, 1956 கிறிஸ்துமஸ் தினத்தன்று, அக்கம்பெனியின் ஊழியர் ஒருவருக்குக் காதுகளே இல்லாத குழந்தை ஒன்று பிறந்திருந்தது. கம்பெனி கொடுத்த மாதிரி மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் அந்தத் தாய் உட்கொண்டிருந்தாள். ஆயினும் இரண்டையும் இணைத்துப் பார்க்க அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில், தோளிலிருந்தே விரல்கள் முளைத்தாற்போன்ற கைகளோடு குழந்தைகள் ஜெர்மனியின் பல ஊர்களில் பிறக்கத் தொடங்கின. ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை வைத்தியரான விடுகின்ட் லென்ஸிடம் 1961-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் ஒருவர் தம் குழந்தையைப் பற்றிச் சொல்ல வந்தார்; அவருடைய சகோதரிக்கும் அதே குறையோடு ஒரு குழந்தை சில வாரங்களுக்கு முன் பிறந்திருந்தபடியால், குடும்ப வியாதி என்றே மற்றவர்கள் முடிவு கட்டியிருந்தனர். லென்ஸ் அந்த முடிவை ஏற்காமல், இத்தகைய குழந்தைகள் பிறந்த வீடுகளைத் தேடிச் சென்று, தாய்மாரிடம் அவர்கள் உண்டது, குடித்தது, பூசிக்கொண்டது, துணி துவைக்கப் பயன்படுத்தியது அனைத்தையும் பற்றிக் கேட்டார். முதலில் கேட்டபோது கான்டெர்கான் என்ற பெயரைச் சொன்னவர்கள் சிலரே. மருந்தின் பெயரைக் குறிப்பிட்டு மறுபடியும் கேட்டபோதுதான், ஆம், அதையும் உட்கொண்டோம் என்று பலர் நினைவுகூர்ந்தார்கள். அவ்வளவு சாதுவான மாத்திரையை ஒரு மருந்தாகச் சொல்லவேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. கர்ப்பிணியிடம் விவரம் கேட்கும் வைத்தியர் ஒவ்வொருவரும் இதை நினைவில் கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா அம்மா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்பாள். தலைவலிக்கு என்ன போடுவாய், தூக்கம் வராவிட்டால் என்ன செய்வாய், பருவுக்கு என்ன தடவுகிறாய் என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

நவம்பர் 15-ஆம் தேதி லென்ஸ் கம்பெனிக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை செய்தார். மூன்று நாள் கழித்து டியூசல்டார்ஃப் நகரில் கூடிய குழந்தை வைத்தியர்களின் சபையில் தம் சந்தேகத்தை வெளியிட்டார். பத்திரிகையொன்றில் செய்தி வெளிவந்த பிறகே, மாத இறுதியில், மருந்து விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. சிட்னியில் வில்லியம் மெக்பிரைடு என்னும் பிரசவ வைத்தியரும் தாமாகவே இதே முடிவுக்கு வந்து, டிசம்பரில் லான்செட் பத்திரிகைக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதற்குள் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் ஊனத்தோடு பிறந்துவிட்டன என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பலர் முதல் பிறந்த நாளைக் காணவில்லை.

லென்ஸ் செய்த காரியங்களுள் மிகச் சிறந்தது, என் கருத்தில், மருந்தைக் கண்டுபிடித்தது அன்று; நாளைக் கண்டுபிடித்ததுதான். தாய் எந்தத் தேதியில் மாத்திரையை உட்கொண்டாள் என்பது சீட்டுகளாலும் குறிப்புகளாலும் உறுதியாகத் தெரிந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி அவர் ஒரு கணக்கு வகுத்தார். 34-ஆம் நாளுக்கு முன் உட்கொண்டிருந்தால் இத்தகைய குறைகள் இல்லை. 50-ஆம் நாளுக்குப் பின் உட்கொண்டிருந்தாலும் இல்லை. இடையில் உள்ள அந்த இரண்டரை வாரமே அபாய காலம். அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது: தொடக்கத்து நாலைந்து நாள்களில் உட்கொண்டால் காது, அதை அடுத்த நாள்களில் கை, மேலும் சில நாள் கழித்துக் கால். கருவின் உடலில் கைகள் முதலில் சிறு மொட்டுகளாகத் தோன்றும்போது, கரு முழுவதுமே ஓர் அரிசி மணியைவிடப் பெரியதாக இருப்பதில்லை. அந்த மொட்டு நீண்டு, முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று பிரிவதற்கான ஏற்பாடு சில நாள்களில் நடந்து முடிகிறது. அந்நாள்களில் ஒரே ஒரு மாத்திரை குறுக்கிட்டாலும் போதும், அந்த ஏற்பாடு குலைந்துவிடும். பிந்தி வந்த மாத்திரைக்கு, உருவாகி முடிந்த கையை ஒன்றும் செய்ய இயலாது.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டிய மற்றொன்று உண்டு. மாதவிலக்கு ஒழுங்காக வரும் ஒரு பெண்ணுக்கு 28 அல்லது 30 நாள் கழிந்த பிறகே நாள் தள்ளிப்போயிற்று என்பது தெரியும். இன்னும் சில நாள் பார்ப்போம் என்று காத்திருந்து, பரிசோதனை செய்து, வீட்டாரிடம் சொல்லி, வைத்தியரைப் பார்க்கப் போவதற்குள் ஆறாவது ஏழாவது வாரம் ஆகிவிடும். சிசுவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28-ஆம் நாளுக்குள், அதாவது மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரத்தில், மூடிக்கொண்டுவிடுகிறது. அங்கங்கள் அமையும் காலத்தின் பெரும்பகுதி, தான் கர்ப்பிணி என்று ஒரு பெண் உறுதியாக உணர்வதற்குள் கடந்துவிடுகிறது. கர்ப்பம் தெரிந்தபின் மருந்துகளை யோசிக்கலாம் என்பவர்கள் பாதி வாய்ப்பை இழந்தவர்கள். ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே உட்கொள்ளச் சொல்வதும் இதனால்தான். முன்னொரு குழந்தை நரம்புக் குழாய்க் குறையோடு பிறந்திருந்த தாய்மாரிடம், ஏழு நாடுகளில், இதைவிட மிகுந்த அளவான 4 மில்லிகிராம் கொடுத்துச் செய்த பரிசோதனையில், மறுபடியும் அக்குறை நேர்வது 72 சதவீதம் குறைந்தது என்று 1991-இல் வெளியாயிற்று.

அமெரிக்காவில் இந்த அவலம் பெருகாமல் தடுத்த பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபிரான்சஸ் கெல்சி என்பவர் 1960-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பணி ஏற்றபோது, அவர் மேஜைக்கு முதன்முதலில் வந்தவற்றுள் ஒன்று தாலிடோமைடை விற்க அனுமதி கேட்ட விண்ணப்பம். ஐரோப்பாவில் விற்கும் மருந்துதானே, சுலபமான வேலை என்றுதான் புதிதாக வந்தவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. கெல்சியோ, மாணவப் பருவத்தில், 1937-இல் பரிசோதிக்கப்படாத திரவத்தில் கரைத்து விற்ற சல்ஃபா மருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற சம்பவத்தை ஆராய்ந்த குழுவில் உழைத்தவர். யுத்த காலத்தில் கொய்னாவைப் பற்றி ஆராய்ந்து, தாய் முயல் அதைச் சிதைத்து வெளியேற்றுவதைப் போல வயிற்றில் உள்ள குட்டியால் செய்ய முடிவதில்லை என்பதைக் கண்டறிந்தவர். தாலிடோமைடை நெடுநாள் உட்கொண்டவர்களுக்குக் கைகால் நரம்புகள் மரத்துப்போவதாகப் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததும், பெரியவர்களின் நரம்பையே தாக்கும் மருந்து சிசுவை என்ன செய்யுமோ என்று அவர் கேட்டார். விண்ணப்பித்த கம்பெனியார் மீண்டும் மீண்டும் வந்து வற்புறுத்தினர். அவர் மீண்டும் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டு அனுமதியை நிறுத்திவைத்தார். 1962-இல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருது அளித்ததும், புதிய மருந்து பலன் தருகிறது என்பதையும் கம்பெனியே நிரூபிக்கவேண்டும் என்று அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டதும் பின்னர் நிகழ்ந்தவை.

சுண்டெலியை ஏமாற்றிய மருந்து முயலை ஏமாற்றவில்லை. பிற்காலத்தில் வெள்ளை முயல்களிடம் பரிசோதித்தபோது ஊனமான குட்டிகள் பிறந்தன. இந்த வேற்றுமையின் காரணம் அரை நூற்றாண்டுக்குப் பிறகே புலப்பட்டது. தாலிடோமைடு செரிப்லான் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று 2010-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டனர்; அவ்வாறு பற்றிக்கொண்டதும், கைகால்கள் உருவாக இன்றியமையாத சால்-4 என்னும் மற்றொரு புரதம் சிதைக்கப்படுகிறது என்பது 2018-இல் தெளிவாயிற்று. எலிகளிடம் இப்புரதங்களின் அமைப்பில் உள்ள சிறிய மாறுபாட்டினால் அந்தச் சிதைவு நிகழ்வதில்லை. அந்த மருந்து இன்றும் குஷ்டரோகத்தில் தோன்றும் ஒருவகைக் கொடிய வீக்கத்துக்கும், எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்க்கும் பயன்படுகிறது. கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்யாமல் பெண்களுக்கு அதைக் கொடுக்கலாகாது என்பது விதி.

மருந்து மட்டுமன்று, உணவு வழியே வரும் நஞ்சும் இவ்வாறே செல்லும் என்பதற்கு ஜப்பானில் உள்ள மினமாட்டா என்னும் கடற்கரை ஊர் சாட்சி. சிஸ்ஸோ என்ற தொழிற்சாலை கழித்துவிட்ட மெதில் பாதரசம் கடலில் கலந்து மீன்களில் சேர்ந்தது. அவற்றை உண்டவர்களுக்குக் கைகால் நடுங்கி, பார்வை சுருங்கி, பேச்சுக் குழறும் நோய் 1956-இல் அடையாளம் காணப்பட்டது. அந்த ஊரில் பிறந்த சில குழந்தைகள் தலை நிற்காமலும் பேச்சு வராமலும் இருந்தன. அவர்களோ மீனைத் தின்றதே இல்லை. தின்ற தாய்மாரிடமோ நோயின் குறிகள் சொற்பம். ஆகவே இது வேறு வியாதி என்றனர் நிபுணர்கள். தன் உடலில் சேர்ந்த விஷத்தைத் தன் பிள்ளை வாங்கிக்கொண்டது என்று தாய்மார் சொன்னதே உண்மை என்பது, இறந்த குழந்தைகளின் மூளையைப் பரிசோதித்த பின்னர் 1962-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு மசாசுமி ஹராதா என்ற வைத்தியர் ஓர் அரிய காரியம் செய்தார். குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு மரப்பேழையில் பத்திரமாக வைத்திருப்பது அந்நாட்டு வழக்கம். அவர் வீடு வீடாகச் சென்று அப்பேழைகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் இருந்த பாதரசத்தை அளக்கச் செய்தார். தொழிற்சாலையின் உற்பத்தி பெருகிய ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடியில் பாதரசமும் பெருகியிருந்தது. மெதில் பாதரசத்தை நஞ்சுக்கொடி தடுப்பதில்லை. உடலுக்கு வேண்டிய அமினோ அமிலம் என்று மயங்கி, சிசுவுக்கே அதைச் சேர்ப்பித்துவிடுகிறது.

கைகால்களுக்கு உள்ளதுபோல மூளைக்கு அபாயக் கெடு என்று ஒன்று இல்லை. அது பத்து மாதமும் வளர்கிறது. மது எந்த மாதத்திலும் தீங்கு செய்யும்; குறைந்த அளவு குற்றமில்லை என்று சொல்ல ஆதாரம் கிடையாது. புகையிலையும் அவ்வாறே, அதைப் புகைப்பவர் கணவராயிருப்பினும். ஈயமோ முன்னொரு காலத்தில் உடலில் புகுந்து எலும்பில் ஒளிந்திருப்பது. சிசுவின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது அதுவும் இரத்தத்தில் இறங்கிவருகிறது. பழைய பாட்டரிகளை உடைத்து உருக்கும் தொழில் நடக்கும் இடங்களில் வேலை செய்யும் பெண்களும், உள்ளே என்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று எழுதியிராத பற்பங்களையும் செந்தூரங்களையும் உட்கொள்ளும் பெண்களும் இதை அறிந்திருக்கவேண்டும். நாட்டு மருந்து என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது.

இவ்வளவும் படித்த வாசகருக்கு, கர்ப்பிணி ஒரு மாத்திரையையும் தொடவே கூடாது என்ற பயம் தோன்றுமானால், அந்தப் பயமும் உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது என்பதை நான் சொல்லக் கடமைப்பட்டவன். 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கிரேக்க நாட்டை எட்டிய கதிரியக்கம் சிசுவுக்குத் தீங்கு செய்யும் அளவில் சிறிதும் இல்லை. ஆயினும் வதந்தியாலும், வைத்தியர்களே கொடுத்த தவறான ஆலோசனையாலும், விரும்பிச் சுமந்த கர்ப்பங்கள் சுமார் 2,500 அந்நாட்டில் கலைக்கப்பட்டன என்று மறு ஆண்டில் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். கர்ப்பம் என்று தெரியாமல் மார்பு எக்ஸ்ரே ஒன்றை எடுத்துக்கொண்டவர்கள் இன்றும் கருக்கலைப்புக்கு வருவதுண்டு. அதில் சிசுவை எட்டும் கதிர் கணக்கில் சேர்க்கத்தக்கதே அன்று. மசக்கைக்கு டாக்ஸிலமைனும் பைரிடாக்ஸினும் சேர்ந்த மாத்திரை ஒன்று, பெருந்தொகையான பெண்களிடம் ஆராய்ந்து தீங்கற்றது என்று கண்ட பின்னரும், வழக்குகளின் சுமை தாங்காமல் 1983-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது; அதன்பின் பிறவிக் குறைகள் குறையவில்லை, வாந்தியால் மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகளின் தொகைதான் கூடிற்று. முப்பது ஆண்டு கழித்து, 2013-இல், அதே மருந்து அமெரிக்காவில் மறுபடியும் அனுமதி பெற்றது.

காக்காய் வலிப்புக்கு மருந்து உட்கொள்ளும் பெண், நாள் தள்ளிப்போனதும் பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடுவாளானால், வலிப்பு தொடர்ந்து வந்து தாய்க்கும் சேய்க்கும் பிராணாபாயம் நேரலாம். வால்ப்ரோயேட் என்ற மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு அங்கக் குறை காண்கிறது. சாதாரணமாகவே 100-க்கு 3 என்ற கணக்கு உண்டு. லாமோட்ரிஜினோ லெவெட்டிரஸெட்டமோ உட்கொண்டால் அந்தச் சாதாரண அளவை ஒட்டியே நிற்கிறது. ஆகவே மாற்றவேண்டியதைக் கர்ப்பத்துக்கு முன்பே, வைத்தியரின் துணையோடு, படிப்படியாக மாற்றவேண்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தை நிறுத்துவது குழந்தைக்குச் செல்லும் பிராணவாயுவை நிறுத்துவதற்கு ஒப்பு. தைராய்டு மாத்திரையை நிறுத்தலாகாது என்பதோடு, பெரும்பாலோருக்கு அளவை உயர்த்தவும் வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்டான் இனத்து மருந்துகள் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. லாபெட்டலாலும் மெதில்டோபாவும் நெடுங்காலம் கையாண்டு பழகியவை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் வேண்டிய அளவில், வேண்டிய நாள் மட்டும். காய்ச்சலை ஓங்க விடுவதே தொடக்க வாரங்களில் தீங்கு. மூட்டுவலிக்கு வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபெனையும் டைக்ளோஃபெனாக்கையும் இருபதாம் வாரத்துக்குப் பின் தொடலாகாது. சிசுவைச் சூழ்ந்த பனிக்குட நீர் வற்றும், பின் மாதங்களில் இருதயத்தருகே திறந்திருக்கவேண்டிய இரத்தக் குழாய் அகாலத்தில் மூடிக்கொள்ளவும் கூடும். பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைப் பற்றி மட்டும் தயவு தாட்சண்யமின்றிச் சொல்கிறேன்: கருத்தரிக்க இருப்பவளும் கருத்தரித்தவளும் அதை அணுகவே கூடாது.

மருந்தின் பெயரைக் கொண்டு நல்லது, கெட்டது என்று இரு பட்டியல் எழுதித் தருமாறு கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகமே 1979 முதல் ஐந்து எழுத்துகளில் மருந்துகளைத் தரம் பிரித்து வந்தது. எந்த வாரம், எவ்வளவு, எந்த நோய்க்காக, நோயை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் ஓர் எழுத்து சொல்லாது என்று கண்டு, 2015-இல் அதைக் கைவிட்டு, விரித்து எழுதும் முறைக்கு வந்தது. கர்ப்பிணி வைத்தியரிடம் போகும்போது கடைசி மாதவிலக்கின் தேதியையும், வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள், தைலங்கள், லேகியப் புட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. பெயர் மறந்துபோகும், அட்டை மறக்காது.

கர்ப்பிணிகளிடம் புது மருந்தைப் பரிசோதிப்பது தர்மமாகாது என்பதால், இந்த அறிவெல்லாம் வேறு வழியில் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று. ஏதோ காரணத்தால் மருந்து உட்கொண்டே தீரவேண்டிய பெண்கள் தம் பெயரைப் பதிந்து, பிறந்த குழந்தையைப் பரிசோதிக்க அனுமதிக்கும் பதிவேடுகள் பல நாடுகளில் நடக்கின்றன. நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென 1998-இல் அத்தகைய பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. கருத்தரிக்கும் முன்பே பதிந்துகொள்ளுமாறு பெண்களை அங்கே ஊக்குவிக்கிறார்கள். எந்த மருந்து, எந்த மாதத்தில், எத்தனை மில்லிகிராம் என்று எழுதிவைக்கிறார்கள். பிறந்த குழந்தையின் இருதயத்தைச் சோதிப்பதோடு நில்லாமல், அக்குழந்தைகள் பள்ளிக்கூட வயதை அடைந்த பின்னும் அழைத்து, அவர்களுடைய புத்தியையும் மொழித் திறனையும் அளந்து பார்த்து வருகிறார்கள்.